வளைவு வரைக்கும் பெண்கள்

எங்கள் எஸ்டேட்டில் லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, சுடுகாட்டுக்குப் போகிற பாதையில் ஒரு வளைவு இருக்கிறது. ஓரத்தில் ஒரு சில்வர் ஓக் மரம். பெண்கள் அதுவரைதான் வரலாம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் பாடை அந்த இடத்தைத் தாண்டும்போது அத்தனை பெண்களும் நின்றுவிடுவார்கள். கடைசியாக ஒரு முறை மாரில் அடித்துக்கொண்டு அழுவார்கள். அப்புறம் அவிழ்ந்த முடியை அள்ளி முடிந்துகொண்டு வீட்டைக் கழுவத் திரும்பிவிடுவார்கள். ஆண்கள் குழிக்குப் போவார்கள். தூத்துக்குடி, திருநெல்வேலி, தேனிப் பக்கமிருந்து மூணாறு, தேவிகுளம், பீர்மேடு மலைகளுக்குப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் நாலைந்து தலைமுறையில் எத்தனையோ பழக்கங்களை விட்டுவிட்டன. இந்த வளைவை மட்டும் ஊரில் இருந்த மாதிரியே வைத்திருக்கின்றன.

கொரோனா வந்த இரண்டு வருடங்களில் சாவுச் சடங்குகள் எப்படி மாறின என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பெரும்பாலும் குழியைப் பற்றித்தான். எத்தனை அடி ஆழம், யார் தோண்டினார்கள், யார் மறித்தார்கள், எரிப்பதா புதைப்பதா என்றே பேச்சு போனது. எல்லாம் வளைவுக்கு அந்தப் பக்கம் நடக்கிற விஷயம். வளைவுக்கு இந்தப் பக்கம் ஒரு பாதி இருந்தது. வீட்டில், பெண்கள் கையில் இருந்த பாதி. பெருந்தொற்று விதிகள் அந்தப் பாதியை ஏறக்குறைய முழுசாகவே எடுத்துவிட்டன. ஆண்களின் பாதியைக் குறுக்கினாலும் விட்டுவைத்தன. இந்தக் கேரள–தமிழ்நாட்டு எல்லைப்புறத்தில் பெண்கள் அதற்குப் பிறகு செய்ததையெல்லாம் இதை மனதில் வைத்துப் பார்த்தால்தான் புரியும்.

அந்த வீட்டுப் பாதியில் என்னவெல்லாம் இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது வெறும் அழுகையாகத்தான் தெரியும்.

துட்டிச் செய்தி, அதாவது சாவுச் செய்தி, வந்ததும் முதலில் கூடுவது பெண்கள். நீர்மாலை என்று சடங்காக எடுத்துவந்த தண்ணீரில் உடலைக் குளிப்பாட்டுவார்கள். இறந்தவர் பெண்ணென்றால் நான்கு பேர் சேலையை விரித்துத் திரை பிடிக்க, உள்ளே பெண்கள் மட்டும் இருந்து குளிப்பாட்டுவார்கள். மஞ்சள் தேய்க்கிற அந்தக் கால் மணி நேரத்தில் உடம்பு முழுக்க ஒரு முறை பார்க்கப்படுகிறது. கழுத்தில் தடம் இருக்கிறதா, முதுகில் கன்றியிருக்கிறதா, கையில் வளையல் உடைந்து குத்திய காயம் உண்டா. போலீஸ் வராத சாவுகளில் நடக்கிற ஒரே பிரேத விசாரணை இதுதான். திரைக்குள் இருந்து வெளியே வருகிற பெண்ணின் முகத்தை வைத்தே வாசலில் இருக்கும் ஆண்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கோடி, அதாவது புதுத்துணி. கல்யாணமான பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். அது வராமல் பிணம் வாசல் தாண்டாது. பிறந்த வீட்டுக்காரர்கள் வந்து, பார்த்து, சேலையைப் போர்த்தினால்தான் 'சரி, எடுங்கள்' என்று அர்த்தம். சந்தேகம் இருந்தால் கோடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பார்கள். பேச்சு முற்றும், பெரியவர்கள் தலையிடுவார்கள், சில சமயம் நகையும் பிள்ளைகளுக்கான பங்கும் அந்த முற்றத்திலேயே பேசி முடியும். ஒரு சேலைக்கு அவ்வளவு பலம்.

அப்புறம் ஒப்பாரி. கட்டிப்பிடித்து அழுதுகொண்டே ஒரு பெண் எதை வேண்டுமானாலும் பாடிவிடலாம். மருமகள் கஞ்சி ஊற்றாதது, அண்ணன் பங்கு தராதது, மருத்துவச் செலவுக்குக் கேட்ட பணத்தைத் தோட்டத்தில் வேலை வாங்கும் கங்காணி இழுத்தடித்தது எல்லாம் ராகத்தில் ஏறி வந்துவிடும். சாவு வீட்டில் பாடியதற்கு யாரும் சண்டைக்கு வர முடியாது என்பது எழுதப்படாத சட்டம். மற்ற நாளில் வாயைத் திறக்காத பெண்களுக்கு வருடத்தில் இரண்டு மூன்று முறை கிடைக்கும் மேடை அது. பக்கத்து லயத்து மலையாளிகள் எங்கள் சத்தத்தைக் கேட்டு முகம் சுளித்ததும் உண்டு. அவர்கள் வீட்டுச் சாவு பெரும்பாலும் அடங்கிய குரலில் நடக்கும்.

இந்தப் பாதி முழுக்க நல்லது என்று சொல்லிவிட மாட்டேன். கணவனை இழந்தவளின் பூவையும் பொட்டையும் எடுப்பது, தாலியை அறுப்பது இதெல்லாமும் இதே பெண்கள் கையால்தான் நடக்கிறது. 2021இல் கணவனைக் கொடுத்த என் சித்தி ஒருத்தி பின்னால் சொன்னாள்: 'கூட்டம் கூடக்கூடாதுன்னு சொன்னதுல எனக்கு ஒரே ஒரு நன்மை, பதினாறாம் நாள் என்னை நடு வீட்டுல உட்கார வைக்க ஆள் இல்லை.' அவள் இன்றைக்கும் சின்னதாக ஒரு கறுப்புப் பொட்டு வைத்துக்கொள்கிறாள். யாரும் கேட்பதில்லை.

பெண்கள் ஏன் வளைவைத் தாண்டக்கூடாது என்று கேட்டால் மனசு தாங்காது என்பார்கள், காற்று கருப்பு பிடிக்கும் என்பார்கள். கொள்ளி வைப்பதும் முதல் பிடி மண் போடுவதும் யாரோ அவர்தான் வாரிசு என்பது இதற்குள் ஒளிந்திருக்கிற காரணம். கேரளத்தில் இது எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. நிலமுள்ள நாயர், ஈழவ வீடுகளில் வீட்டுத் தோட்டத்தின் தெற்குப் பக்கத்திலேயே சிதை அடுக்குவது வழக்கம். அங்கே பெண்கள் திண்ணையில் இருந்தபடியே கடைசிப் புகை வரை பார்க்கலாம், தெருமுனை என்ற பிரச்சினையே இல்லை. சிரியன் கிறிஸ்தவப் பெண்கள் கல்லறை வரை போகிறார்கள். நிலமில்லாத தலித் குடும்பங்களோ அடுக்களைத் தரையைத் தோண்டிப் புதைத்த கதைகள் கேரளத்தின் நிலப் போராட்டங்களில் திரும்பத் திரும்ப வரும். எஸ்டேட் தமிழர்கள் இந்த இரண்டு பக்கமும் சேராதவர்கள். லயம் கம்பெனியுடையது, ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். புதைக்கிற இடமும் தேயிலைக்கு நடுவே ஒதுக்கி விட்ட துண்டு. நூறு வருடமாகச் செத்தவர்கள் படுத்திருக்கும் மண்ணில் உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு சென்ட் கிடையாது. இந்த நிலக் கணக்கு பின்னால் மறுபடி வரும்.

கொள்ளைநோய் வந்தால் சாவுச் சடங்கு சுருங்குவது இந்த மலைக்கும் இந்த எல்லைக்கும் புதிதில்லை. பெரியம்மைக் காலத்தில், எரிக்கிற சாதிகளில்கூட அம்மையில் இறந்தவர்களை எரிக்காமல் புதைத்தார்கள். உடம்பில் மாரியாத்தாள் இறங்கியிருக்கிறாள், அவளைச் சுடலாமா என்பது நம்பிக்கை. எங்கள் பாட்டி காலத்தில் அந்தச் சாவுக்கு வாய்விட்டு அழக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதாவது ஒப்பாரிக்குத் தடை அப்போதே உண்டு. ஆனால் அந்தத் தடையைப் போட்டதும் நடத்தியதும் வீட்டுப் பெண்கள்தான். வேப்பிலை கட்டுவது, யார் உள்ளே வரலாம் என்று முடிவு செய்வது, எந்த நாளில் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அவர்கள் அதிகாரம். கொடுங்கல்லூரில் பகவதி கோயிலுக்குள்ளேயே வசூரிமாலா என்று அம்மைக்கு ஒரு தனி சன்னிதி இருக்கிறது. அவளுக்கு மஞ்சள்பொடி நேர்ச்சை. கோயம்புத்தூரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் அடித்த தெருக்களில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் எழுந்தன, இன்றும் இருக்கின்றன. அதே ஊரின் இருகூரில் 2021இல் கொரோனா தேவிக்குச் சிலை வைத்தபோது நாடே சிரித்தது. எனக்கு அது அவ்வளவு சிரிப்பாகப் படவில்லை.

மூணாறில் இன்னொரு பழைய கதை உண்டு. 1894இல் ஹென்றி நைட் என்ற தோட்ட மேலாளரின் இளம் மனைவி எலினார் இசபெல் மே காலராவில் இறந்தார். கல்யாணமாகி வந்த புதிதில் மலை உச்சியில் நின்று, நான் செத்தால் என்னை இங்கேதான் புதைக்க வேண்டும் என்று கணவனிடம் சொன்னாராம். சில நாளிலேயே காலரா வந்தது, அங்கேயே புதைத்தார்கள். அடுத்தடுத்து மற்றவர்களையும் அங்கே புதைக்க, அது கல்லறைத் தோட்டமானது. கீழே இருக்கும் ஆலயம் பல வருடம் கழித்து வந்தது. கோயிலுக்குப் பின் கல்லறை என்பதுதான் உலக வழக்கம், இங்கே கல்லறைக்குப் பின் கோயில். கொள்ளைநோயில் செத்த ஒரு பெண் தன் குழியைத் தானே தேர்ந்தெடுத்தாள் என்று வழிகாட்டிகள் உருக்கமாகச் சொல்வார்கள். அவர் துரையின் மனைவி. அதே சமயம் அதே காட்டை வெட்டிய கூலிகளில் காலராவில் செத்தவர்கள் எங்கே கிடக்கிறார்கள் என்பதற்குக் கல் எதுவும் இல்லை.

இனி கொரோனா விதிகளுக்கு வருவோம். இவை வானத்திலிருந்து விழவில்லை. 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, புதிய தொற்றுகளில் குறைந்தது 20 சதவீதம் அடக்கச் சடங்குகளில் தொற்றியவை என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொன்னது. எபோலாவில் செத்த உடம்பு உண்மையிலேயே ஆபத்தானது. அங்கேயும் குளிப்பாட்டியவர்களில் பெண்கள் நிறைய. உடலைப் பைக்குள் போட்டு எடுத்துப்போன குழுக்களை ஊர்க்காரர்கள் விரட்டினார்கள், பிணங்களை ஒளித்தார்கள். பிறகுதான் அந்த நிறுவனம் குடும்பத்தையும் மதப் பெரியவர்களையும் உட்காரவைத்துப் பேசி, தண்ணீர் இல்லாமல் செய்யும் சுத்திகரிப்பு, உடலைச் சுற்றும் கபன் துணி என்று மாற்று வழிகளோடு பாதுகாப்பான, கண்ணியமான அடக்கம் என்ற முறையை எழுதியது.

கேரளத்துக்கு ஒத்திகை நிபா வைரஸ் பரவியபோது கிடைத்தது. 2018 மே மாதம் கோழிக்கோடு, மலப்புரம் பகுதியில் 17 பேர் இறந்தார்கள். நோயாளிகளைக் கவனித்த செவிலியர் லினியின் உடல் வீட்டுக்கே போகவில்லை, உடனே எரியூட்டப்பட்டது. மயானத் தொழிலாளிகள் பின்வாங்கியபோது கோழிக்கோடு மாநகராட்சியின் சுகாதார அதிகாரி டாக்டர் கோபகுமார் பல உடல்களின் இறுதிச் சடங்கைத் தானே முன்னின்று நடத்தினார். அந்தக் கண்டிப்பு அந்த நோய்க்குத் தேவைதான்.

2020 மார்ச் 15 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் கொரோனா உடல்களைக் கையாள்வது பற்றி வழிகாட்டுதல் வெளியிட்டது. அதைப் பொறுமையாகப் படித்தால் நாம் நேரில் கண்டதைவிட அது எவ்வளவோ இளகியது. கசியாத பை, ஒரு சதவீத ஹைப்போகுளோரைட் கிருமிநாசினி, கையுறை இவற்றைச் சொல்லிவிட்டு, உறவினர் பார்க்கும்படி முகப் பக்கத்தில் பையைத் திறக்கலாம் என்கிறது. மத நூல் வாசிப்பது, தீர்த்தம் தெளிப்பது போலத் தொடாமல் செய்யும் சடங்குகளுக்கு அனுமதி உண்டு. குளிப்பாட்டுவது, முத்தமிடுவது, கட்டிப்பிடிப்பது கூடாது. சாம்பலால் ஆபத்தில்லை. ஒன்பது நாள் கழித்து உலக சுகாதார நிறுவனமும், உடலிலிருந்து யாருக்கும் தொற்றியதற்கு அதுவரை ஆதாரம் இல்லை, எரித்தே ஆக வேண்டும் என்பது கட்டுக்கதை என்று சொன்னது.

அனுமதித்த பட்டியலையும் தடுத்த பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நூல் வாசிப்பதும் தீர்த்தம் தெளிப்பதும் பூசாரி, பாதிரியார், உஸ்தாத் செய்வது. குளிப்பாட்டுவதும் கட்டிப்பிடித்து அழுவதும் எங்கள் பக்கத்தில் பெண்கள் செய்வது. எழுதியவர்கள் பெண்களை ஒதுக்க நினைத்திருக்க மாட்டார்கள். தொற்று ஆரம்பத்தில் தொடாதே என்று சொன்னதில் மருத்துவ நியாயமும் இருக்கிறது. ஆனால் சடங்கு என்றதும் அவர்கள் மனதில் வந்தது மந்திரம்தான், மஞ்சள் தண்ணீர் இல்லை. எபோலாவில் செய்த மாதிரி, கவச உடை போட்டு வீட்டுப் பெண்கள் ஒருவரோ இருவரோ துடைத்துவிடலாம், பைக்கு மேலே கோடியைப் போர்த்தலாம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அந்த வரி இல்லாததால் மருத்துவமனையில் நின்ற கடைநிலை ஊழியர் எதையெல்லாம் வேண்டாம் என்றாரோ அதுவே சட்டமானது. முகம் திறந்து காட்டலாம் என்று எழுதியிருந்ததை எங்களில் எத்தனை பேர் கண்டோம்?

ஊரடங்கில் இறுதிச் சடங்குக்கு 20 பேர் என்று வரம்பு வந்தது. கொரோனா சாவுக்கு நடைமுறையில் அது நாலு பேர், ஐந்து பேர். எங்கள் பக்கத்து வீடுகளில் அந்த இடங்கள் எப்படி நிரம்பின என்று ஊகிக்கக் கஷ்டமில்லை. மகன், மருமகன், தம்பி, குழிவெட்ட ஒருவர். பெண்களுக்கு வீடும் இல்லை, ஏனென்றால் உடல் வீட்டுக்கு வரவே இல்லை. சுடுகாடும் இல்லை. வளைவுக்கு இந்தப் பக்கம் நிற்க ஒரு காரணமே மிச்சமில்லாமல் போனது.

கேரள அரசு இதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்துகொண்டது. 2021 ஜூன் இறுதியில், கொரோனாவில் இறந்தவரின் உடலை ஒரு மணி நேரத்துக்குள் வீட்டில் வைத்து நெருங்கியவர்கள் பார்க்கவும் குறைந்த அளவில் சடங்கு செய்யவும் விடலாம் என்று முதலமைச்சர் பினராயி விஜயன் அறிவித்தார். இரண்டாம் அலையின் உச்சம் அதற்குள் கடந்திருந்தது.

என் அத்தை அந்த அறிவிப்புக்கு ஒரு மாதம் முன்னால் போனாள். நாற்பது வருடம் கொழுந்து பறித்தவள். ஒப்பாரிக்கு அவளைப் பக்கத்து டிவிஷனில் இருந்தெல்லாம் கூப்பிடுவார்கள். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. அவனுக்குத் தமிழ்நாட்டு இ-பாஸும் வேண்டும், கேரளத்தின் கோவிட் ஜாக்ரதா பதிவும் வேண்டும். ஒன்று வந்து இன்னொன்று வருவதற்குள் நேரம் கடந்துவிட்டது. நான் போடியில் இருந்தேன். போடிமெட்டு எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் தெரியும், ஆனால் போக முடியாது. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி, சின்னாறு என்று பெயர் சொல்லும் இந்தச் சாவடிகளைச் சாதாரண நாளில் துட்டி வண்டிகள் நிற்காமல் கடக்கும். எங்கள் உறவுகள் எல்லாமே எல்லைக்கு இரண்டு பக்கமும் கிடப்பவை. கோடி ஒரு மாநிலத்தில், பிணம் ஒரு மாநிலத்தில் என்பதுதான் எங்கள் வழக்கம்.

ஆக அத்தைக்கு இருந்தது மகள் மட்டும், என் மதினி. மருத்துவமனை வாசலில் 'ஆம்பளை யாரும் வரலையா?' என்று இரண்டு தடவை கேட்டார்களாம். இரண்டாவது தடவை மதினி, 'நான் வந்திருக்கேன்ல' என்றாளாம். கவச உடையை அவளுக்குப் போட்டுவிட்டது ஒரு தன்னார்வலப் பையன். அளவு பெரிது, காலைத் தூக்கித் தூக்கி நடந்திருக்கிறாள். வண்டி லயத்துக்குள் வரவில்லை, அந்த வளைவில்தான் நின்றது. லயத்துப் பெண்கள் தூரத்தில் வாசல்களில் நின்றார்கள். மதினி மட்டும் சில்வர் ஓக்கைத் தாண்டிப் போனாள். குழியில் மூன்று கை மண் போட்டாள். எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் தன் கையால் மண் தள்ளியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. நான் வாங்கி வைத்த கோடிச் சேலை போடியில் பீரோவில் இருந்தது. போனில் என் அம்மா ஒப்பாரி சொன்னாள். சிக்னல் அறுந்து அறுந்து வந்தது. ஊரெல்லாம் போய் அழுதவளுக்கு அழ ஆள் இல்லை என்று அம்மா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இது எங்கள் வீட்டோடு நின்ற கதை இல்லை. ஆண் பிள்ளைகள் கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் சென்னையிலும் மாட்டிக்கொண்ட வீடுகளிலும், ஆண்கள் எல்லாம் தொற்றில் படுத்த வீடுகளிலும் பெண்கள்தான் போனார்கள். புரட்சி என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. ஆள் இல்லாமல் திறந்த கதவு அது.

ஆள் இருந்தும் பெண்கள் வளைவைத் தாண்டிய ஒரு சாவு உண்டு. பெட்டிமுடி.

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு அருகே ராஜமலைக்கு அந்தப் பக்கம் மலை சரிந்து இறங்கி லயங்களை மூடியது. 70 பேர். பெரும்பாலும் தலித் குடும்பங்கள், கயத்தாறு பக்கத்திலிருந்து வந்து தலைமுறைகளாகத் தோட்டத்தில் உழைத்தவர்கள். மின்சாரமும் போன் தொடர்பும் இல்லாததால் செய்தி வெளியே வந்ததே மறுநாள் காலையில். 66 உடல்கள் கிடைத்தன. 4 பேர் கிடைக்கவே இல்லை. பெருந்தொற்றும் மழையும் சேர்ந்த நேரம். உடல்களை எங்கேயும் கொண்டுபோகாமல் அருகிலேயே பிரேதப் பரிசோதனை செய்து, ராஜமலையில் ஜேசிபி தோண்டிய பெரிய குழிகளில் வரிசையாக அடக்கம் செய்தார்கள். இந்து, கிறிஸ்தவர் என்று பிரிக்கவில்லை. நீர்மாலை இல்லை, கோடி இல்லை. சேற்றைத் துடைத்ததோடு சரி.

கயத்தாற்றிலிருந்து பாஸ் வாங்கி வேன்களில் வந்து சேர்ந்த உறவுக்காரப் பெண்கள் குழிக்கரையிலேயே நின்று அழுததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். பெண்கள் இதுவரைதான் என்று சொல்ல அங்கே யாருக்கும் தோன்றவில்லை. சொல்வதற்கு வீடு இருக்க வேண்டும், தெரு இருக்க வேண்டும், வளைவு இருக்க வேண்டும். மூன்றும் மண்ணுக்குள் போயிருந்தன. வீட்டில் பாட வேண்டிய ஒப்பாரியைக் குழியில் பாடினார்கள்.

ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 13 அன்று முதலமைச்சரும் ஆளுநரும் வந்தபோது மூணாறில் முதலமைச்சரின் வண்டி வரும் வழியில் கோமதி என்ற பெண் நடுச் சாலையில் உட்கார்ந்தார். போலீஸ் அப்புறப்படுத்தியது. 2015 செப்டம்பரில் மூணாறை ஒன்பது நாள் நிறுத்திவைத்த பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) போராட்டத்தின் முகங்களில் ஒருவர் அவர். அந்தப் போராட்டத்தில் ஆயிரக்கணக்கான தேயிலைப் பெண்கள், போனஸ் குறைப்பை எதிர்த்து, கம்பெனியோடு தங்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் சேர்த்தே வெளியே நிறுத்தி 20 சதவீதத்தைத் திரும்ப வாங்கினார்கள். பெட்டிமுடிக்குப் பின் கோமதி கேட்டது சொந்த நிலமும் வீடும். நிலச்சரிவுக்கு மறுநாள் நடந்த கரிப்பூர் விமான விபத்தில் இறந்தவர்களுக்குக் கேரள அரசு 10 லட்சம் அறிவித்தது, பெட்டிமுடிக்கு 5 லட்சம். அந்தக் கோபமும் சேர்ந்திருந்தது. துக்க நேரத்தில் அரசியலா என்று சிலர் கேட்டார்கள். எனக்கு அது பழக்கமான காட்சியாகத்தான் தெரிந்தது. கோடியைக் கையில் வைத்துக்கொண்டு, கணக்கைத் தீர்த்துவிட்டுப் பிணத்தை எடு என்று முற்றத்தில் நிற்கும் பெண்ணைத்தான் நான் அங்கே பார்த்தேன். முற்றம் இல்லாததால் சாலையில் உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டிலும் அப்படி ஒருவர் நின்றார். 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவில் இறந்த ஒரு நரம்பியல் அறுவை மருத்துவரைப் புதைக்க விடாமல் கும்பல் கல்லெறிய, உடன் வேலை பார்த்த மருத்துவர் ஒருவர் இரவில் தன் கையால் மண்ணைத் தள்ளி வேலங்காடு இடுகாட்டில் அடக்கம் செய்தார். இறந்தவரின் மனைவியும் மகனும் அங்கே நிற்க முடியவில்லை. அதன் பிறகு தமிழ்நாடு அரசு, அடக்கத்தைத் தடுத்தால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை என்று அவசரச் சட்டம் போட்டது. நாடு அந்தச் சட்டத்தோடு விஷயத்தை முடித்துக்கொண்டது. இறந்தவரின் மனைவி முடிக்கவில்லை. கணவரின் விருப்பப்படி கீழ்ப்பாக்கம் கல்லறைக்கு உடலை மாற்ற வேண்டும் என்று கேட்டார், மாநகராட்சி மறுத்தது, உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2021 மார்ச்சில் தனி நீதிபதி அவர் பக்கம் உத்தரவிட்டார்.

எதிர்த்திசையில் ஒன்று ஆலப்புழையில் நடந்தது. கடலோரத்தில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும் மண், ஆழக் குழி வெட்ட வழியில்லை. 2020 ஜூலையில் ஆலப்புழை லத்தீன் மறைமாவட்டம் கொரோனா உடல்களைக் கல்லறைத் தோட்டத்திலேயே எரித்துச் சாம்பலைப் புதைக்கலாம் என்று முடிவெடுத்தது. நூற்றாண்டுப் பழக்கத்தை ஒரு சுற்றறிக்கையில் மாற்றிய துணிச்சலை எல்லோரும் பாராட்டினார்கள், நானும்தான். மாராரிக்குளத்திலும் காட்டூரிலும் அப்படி முதலில் எரிக்கப்பட்ட இருவரும் பெண்கள்.

இப்போது மலையில் சாவு பழையபடிதான் நடக்கிறது. நீர்மாலை வருகிறது, திரை பிடிக்கிறார்கள், கோடிக்காகக் காத்திருக்கிறார்கள். ஒப்பாரி பாடத் தெரிந்தவர்கள்தான் குறைந்துவிட்டார்கள். அத்தைக்கு வாங்கிய சேலையை வருஷத் திதியன்று அம்மா கொண்டுபோய்க் குழிமேட்டில் விரித்துவிட்டு வந்தாள், மதினி கூட்டிக்கொண்டு போனாள்.

போன வருடம் பெரியப்பா சாவுக்கு நான் போயிருந்தேன். பாடை வளைவுக்கு வந்ததும் வழக்கம்போலப் பெண்கள் நின்றார்கள். மதினி நிற்கவில்லை. நடை வேகத்தைக் குறைக்கக்கூட இல்லை. அவள் பின்னால் இன்னும் மூன்று பேர் போனார்கள், அதில் ஒருத்தி பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறவள். ஆண்களில் ஒருவர் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நான் சில்வர் ஓக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டைக் கழுவ ஆள் வேண்டுமே என்று யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். திரும்பிவிட்டேன்.